பேத்திக்குச் சோறிட்ட சுடலைமுத்து அவர்கள்

மலைக்கும் சமவெளிக்கும் ஒரே மழையாய் இறங்கும் ஈசனே! நாங்கள் சென்று சேருமுன்பே அவ்விடத்தில் எங்களுக்கொரு துணையை நிறுத்தி வைப்பவனே! உன் திருவடியைத் தொழுது இச்சில வரிகளைத் தொடங்குகிறேன்.

சென்ற வியாழன் நண்பகலில், முதலமடையில் எங்கள் தோப்பில் மாங்காய்க் கூடைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அயர்லாந்திலிருந்து பேத்தி கார்த்திகா அழைத்தாள். “அப்புச்சி, மூணாத்துல அண்ணாச்சி தவறிட்டாருங்க” என்றாள்.

அவள் அண்ணாச்சி என்றது சுடலைமுத்து அவர்களை. மூணாற்றில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, விடுதிகளில் சமையல் பழகி, அயர்லாந்தில் பேத்தி படிக்கும் கல்லூரியின் உணவகத்தில் பல்லாண்டு சமையற்காரராய் இருந்தவர். இதயநோய் கண்டு சென்ற ஆண்டு ஊர் திரும்பினார். வயதில் என்னினும் மிக இளையவர். ஆயினும் என் வணக்கத்துக்குரியவர். அதன் காரணத்தைச் சொல்லுமுன் என் பிழையைச் சொல்ல வேண்டும்.

பேத்தி புறப்பட்ட நாளில் அவளைப் பூசையறையில் நிறுத்தி, நாள்தோறும் விளக்கேற்றிப் பதிகம் ஓதாமல் சமைத்த உணவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். எங்கள் வீட்டு வழக்கம் அது. சிறிய காமாட்சி விளக்கும் திரியும் கற்பூரமும் அவள் பெட்டியில் என் கையாலேயே வைத்தேன்.

விடுதி சேர்ந்த மறுநாட்காலை அவள் விளக்கேற்றிக் கற்பூரமும் காட்டினாள். கூரையிலிருந்த புகையறி கருவி அலறிற்று. நான்கு மாடிப் பிள்ளைகளும் போர்வையோடும், கீழ்த்தள உணவகத்தார் கரண்டியோடும் மழையில் வந்து நின்றார்கள். அறையில் இனி நெருப்பே கூடாது என்று விடுதிக் காப்பாளர் சொல்லிவிட்டார். விளக்கு நின்றது, அதனோடு சோறும் நின்றது. பழமும் பாலும் மட்டுமே உண்டு வகுப்புக்குப் போய்வந்திருக்கிறாள். நான் தொலைபேசியில், “சாப்டியா கண்ணு?” என்று கேட்பேன். “ஆச்சுங்க அப்புச்சி” என்பாள். நானும் நம்பினேன்.

ஆறாவது வாரத்தில், “குளுரு தாங்கலீங்க, ஊட்டுக்கே வந்தர்றனுங்க” என்றாள். வந்துவிட்டால் அந்தப் படிப்பு மீண்டும் கிடைக்காது. அவள் ஆசையும் உழைப்பும் அத்தோடு முடிந்துபோகும். குளிர்தான் காரணம் என்று எண்ணி, நானும் சரியென்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் உணவக வரிசையில் வாழைப்பழத்தைப் பிடித்தபடி அவள் மயங்கி விழுந்தாள். தூக்கி உட்கார வைத்த சுடலைமுத்து அவர்கள் அவள் நெற்றியிலிருந்த திருநீற்றைப் பார்த்துத் தமிழில் கேட்டாராம்:

“எந்த ஊரு பிள்ள?”

“முதலமடைங்க.”

“மாங்கா லாரி வருமே, அந்த ஊரா? அன்னைக்கி எங்க எல்லாத்தையும் மழையில நிப்பாட்டுனது நீதானா?”

ஆறு வாரத்தில் அன்றுதான் சிரித்தேன் என்று கார்த்திகா பின்னர் சொன்னாள். சிரித்தபடியே அழுது, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் உடனே அவள் தொலைபேசியிலேயே என்னை அழைத்தார்.

“ஐயா, கோவிச்சுக்கிடக் கூடாது. பிள்ள பட்டினி கெடக்கு. சாமிக்குப் பயந்தில்ல, உங்களுக்குப் பயந்து.”

நான் சினந்தேன். “வெளக்கில்லாம எப்பிடிங்க? கறி வேகற அடுப்புல எங்க புள்ள திங்கறதா?” என்றேன்.

அவர் குரல் உயரவில்லை. “எங்கம்மா கொழுந்து பறிக்கப் போவா ஐயா. போற வழியில மாடன் பீடம். மழைக்காலத்துல தீப்பெட்டி நமத்துப்போயிரும். கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிருவா. ‘வெளக்கு எங்கட்டி?’ன்னு சாமி ஒருநாளும் கேட்டதில்ல. அடுப்புக்கு நான் பொறுப்பு. அவளுக்குத் தனிச்சட்டி வைக்கேன், கறி படாது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்.”

அன்பையே விளக்காக்கி வழிபட்ட அடியார்களின் பாடல்களை அறுபது ஆண்டுகள் ஓதியவன் நான். தொலைபேசியைப் பேத்தியிடம் கொடுக்கச் சொன்னேன். “கண்ணு, சத்தியத்த நான் திருப்பி வாங்கிக்கறேன். சாப்புடு” என்றேன். அவள் அழுதது கேட்டது. சற்று நேரத்தில் தட்டு வைக்கும் ஓசையும் கேட்டது.

அன்று ரசமும் சோறும் இட்டவர், அந்த ஆண்டு முழுவதும் இட்டார். வெறும் சோறு மட்டுமன்று. எந்தப் பேருந்தில் ஏறுவது, பேராசிரியரைத் தயங்காமல் எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். “எவனும் ரெண்டாந்தரம் ‘சாப்புடுதியா’ன்னு கேக்க மாட்டான் இங்க. மொதத்தரமே ‘ஆமா’ன்னு சொல்லு” என்பாராம். முதலாண்டில் அவள் எல்லாத் தாள்களிலும் தேறினாள்.

விடுமுறையில் ஊர் வந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்தார். பூசையறை விளக்கை ஏற்றும்படி வேண்டினேன். “கறி வெட்டுத கையி ஐயா” என்று பின்வாங்கினார். “அந்தக் கைதானுங்க எம் பேத்தியக் காப்பாத்துச்சு. ஏத்துங்க” என்றேன். ஏற்றினார்.

வியாழன் மாலையே மூணாறு சென்றேன். மறுநாள் அடக்கம் முடிந்து, தேயிலைச் சரிவின் பாதையில் எல்லோரும் நனைந்தபடி திரும்பினோம். லயத்து முற்றத்தில் பக்கத்து வீட்டுப் பெண் பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தார். இழவு வீட்டில் குளிக்குமுன் நீரும் பருகாதவன் நான். அன்று வாங்கிப் பருகினேன்.

அவர் மனைவி சண்முகத்தாய் என்னருகே வந்து, “பிள்ள வரலியா ஐயா?” என்றார்.

“கடேசி வருசப் பரீச்சைங்க. பொறப்பட்டு வர்றேன்னு அழுதா. நாந்தான் இருக்கச் சொன்னேன்” என்றேன்.

அந்த அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நல்லதுய்யா, எழுதட்டும். பாதியில வந்தான்னா அவுக வைவாக.”

அன்பரே, சென்று வாருங்கள். பிள்ளை எழுதிக்கொண்டிருக்கிறாள். இதைப் படிக்கும் உங்கள் இல்லத்தில் உலை ஓயாதிருக்கட்டும். தொலைவிலிருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு, கேளாமலே பசியறியும் ஒருவரை இறைவன் அருகில் வைப்பானாக.