ராஜாத்தி சிஸ்டர் சேர்த்த குரல்கள்

சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணைக்குப் போகும் பேருந்தில், ஜன்னலோரம் அரைத்தூக்கத்தில் இருந்தபோது அந்த அழைப்பு வந்தது. ராஜாத்தி சிஸ்டரின் மகள் பேசினாள். "சித்தி, அம்மா காலையில போயிட்டாக. தூக்கத்துலயே போயிட்டாக." வெளியே கரிசல் காடு வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கத்துப் பேருந்துக்காக நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் தீக்காயப் பிரிவின் நர்ஸ். பட்டாசு விபத்தில் வெந்து வந்த பெண்களுக்குக் கட்டு மாற்றும்போது, "எதையாச்சும் பேசும்மா. பேசினா வலி கொஞ்சம் தள்ளி நிக்கும்" என்பார். அவர்களும் பேசுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல்கள் அவரை விட்டுப் போகவில்லை. "பேப்பர்ல பெண் தொழிலாளின்னு மட்டும் போடுதாங்க. அவளுக்குப் பேரு இருந்துச்சு" என்றார் ஒருநாள். பிறகு ஒரு ரெக்கார்டர் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். தமிழாசிரியை வேலையை விட்டிருந்த நான், பதிவுகளைக் கேட்டு எழுதித் தரச் சேர்ந்தேன்.

அவற்றில் மாரித்தாயின் பதிவை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். வேலை முடிந்து வரும்போது அலுமினியப் பொடி படிந்து கையெல்லாம் வெள்ளியாக இருக்கும் என்றாள். ஒருமுறை இருக்கன்குடி ஆற்றில் இறங்கியபோது, கையிலிருந்த மினுமினுப்பு கரைந்து தண்ணீரில் போனதாம். "மீன் குஞ்சுக கூட்டமாப் போற மாதிரி இருந்துச்சு சிஸ்டர். நான் பாத்துக்கிட்டே நின்னேன்." அதே நிதானத்தில், கம்பெனியில் விதியை மீறி ஓர் அறைக்குள் அளவுக்கு மேல் ஆட்களை உட்கார வைப்பதையும் சொல்லியிருந்தாள்.

ஆசிய நாடுகளின் பெண்கள் குரல்களைத் தொகுக்கும் காப்பகம் ஒன்று எங்கள் பதிவுகளைக் கேட்டது. அனுப்பத் தயாரான சமயத்தில் மாரித்தாய் போன் செய்தாள். "அதை அழிச்சிருங்க சிஸ்டர். கம்பெனிக்குத் தெரிஞ்சா எனக்கு வேலை இருக்காது."

பெயரை மாற்றி அனுப்பலாம் என்றேன். சிஸ்டர் மறுத்துவிட்டார். "குரலை மாத்த முடியுமா? அது அவளோடது. நம்மகிட்டக் குடுத்து வச்சிருக்கா, அம்புட்டுதான்."

இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். அழிப்பதற்கு முன் ஒருமுறை கேட்கச் சொன்னார் சிஸ்டர். மாரித்தாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஆற்றுக்கு வந்ததும் சிரித்தாள். "நானா இப்படிப் பேசியிருக்கேன்?" முடிந்ததும் சிஸ்டர் ரெக்கார்டரை அவள் கையில் கொடுத்து, எதை அழுத்த வேண்டும் என்று காட்டினார். அவளே அழித்தாள். எங்களிடம் வேறு நகல் இல்லை. திரும்பும் பேருந்தில் அந்தப் பதிவின் வரிகளை மனதில் ஓட்டிக்கொண்டே வந்தேன். சிஸ்டர் ஜன்னலில் தலை சாய்த்து நன்றாகத் தூங்கினார்.

சென்ற ஆண்டு அவர் படுக்கையில் விழுந்தார். ஒரு மாலை, நான் அங்கே இருந்தபோது மாரித்தாய் வந்தாள். "மக வேலைக்குப் போயிட்டா சிஸ்டர். நான் கம்பெனியை விட்டு நின்னுட்டேன். இப்பச் சொல்லுதேன், பேரோட போடுங்க." இந்தமுறை ஆறு வரவில்லை, வெள்ளிக் கை வரவில்லை. இத்தனை வருஷம் எதற்கெல்லாம் பயந்தாள் என்பதை, மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து, வரிசையில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். காப்பகத்தில் இப்போது அவள் பெயரோடு இருப்பது அந்தப் பதிவுதான்.

சொல்லி முடித்தவள் எழுந்திருக்கவில்லை. "எங்க எல்லார்கிட்டயும் கேட்டீக. நீங்க உங்களப் பத்திச் சொல்லவே இல்லையே?"

"என்கிட்ட என்னம்மா இருக்கு?"

"முதல்ல பேரைச் சொல்லுங்க."

நான் ரெக்கார்டரை நிறுத்தவில்லை. ராஜாத்தி சிஸ்டர் தம் பெயரைச் சொன்னார், பிறந்த ஊரைச் சொன்னார். ஆலங்குளத்துச் சிமெண்ட் ஆலையில் அப்பா வேலை பார்த்ததால் ஆலைக்குப் பக்கத்திலேயே வீடு, சிமெண்ட் தூசி படிந்து முற்றத்துச் செடியெல்லாம் வெளுத்தே இருக்கும் என்றார். வெள்ளை நர்ஸ் உடுப்பை முதன்முதலில் போட்டபோது, அந்தச் செடிகளில் ஒன்றாகத் தாம் ஆகிவிட்டதுபோல் தோன்றியது என்றார். குரல் இறங்கி, கனவில் பேசுவதுபோல் ஆனது.

எத்தனையோ பெண்களின் குரல்களைச் சேர்த்தவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்தச் சிறு பதிவு ஒன்றைத்தான். அதில் அவர் மூச்சு வாங்க நிற்கிறார். மாரித்தாய் அவசரப்படுத்தாமல், "ம்" என்கிறாள். அவர் மேலே சொல்கிறார்.