நான் இறக்கச் சொன்ன பாய்

2004-ம் வருடம், மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஒரு நீர்த்தேக்கம். அப்போது நான் பிரேசர் டவுனில், படகுகளுக்குப் பாய் தைக்கும் ஒரு சின்னப் பட்டறையில் துணி வெட்டும் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கடலே இல்லாத ஊரில் பாய் தைக்கிறாளே என்று காக்ஸ் டவுன் சொந்தக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். எனக்கோ என் தையல் மேல் கொஞ்சம் திமிரே உண்டு.

சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்த ஒருவர், சமைக்கவும் படுக்கவும் இடமுள்ள சின்னப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி அங்கே விட்டிருந்தார். பின்காற்றில் ஓட்ட மெல்லிய நைலான் பாய் ஒன்று கேட்டார். ஒரு விளிம்பு நீளம், மறு விளிம்பு குட்டை. காற்று வாங்கினால் படகுக்கு முன்னால் உப்பி நிற்கும். மூன்று வாரம் பார்த்துப் பார்த்துத் தைத்தேன். முதல் தடவை ஏற்றும்போது என்னையும் கூப்பிட்டார். அவர் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு கரையில் உட்கார, நாங்கள் இருவரும் படகில் கிளம்பினோம்.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம். தைத்த பாயைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, ஃபேனைப் போட்டு, சுருக்கம் விழுகிறதா என்று பார்ப்போம். தண்ணீரிலும் நான் அதையேதான் பார்த்தேன். பாய்மரத்துக்குப் பின்னால் விரிந்திருந்த பெரிய பாய் காற்றை மறைத்ததால் என் பாய் துவண்டது. விளிம்பில் ஒரு சுருக்கம். எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய பாயை இறக்கிவிடச் சொன்னேன்.

அவர் தயங்கினார். "மேடம், இந்த போட்டுல மரத்தப் பின்னாலேர்ந்து இழுத்துப் புடிக்கிற கம்பி கிடையாது. பெரிய பாய்தான் புடிச்சிட்டிருக்கு. எறக்கலாமா?"

எனக்குத் தெரியாத விஷயமா? ஆர்டர் தாளில் 'பின்கம்பி இல்லை' என்று எழுதியதே நான்தான். "காத்து கம்மிதானே சார். ரெண்டு நிமிஷம்தான்" என்றேன்.

இறக்கினார். என் பாய் ஒரு சுருக்கமில்லாமல் விரிந்தது. அப்படியொரு பூரிப்பு எனக்கு. கீழ்முனைக் கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்லி அவரைப் படகின் முன்பக்கம் அனுப்பினேன். அந்த நேரம் பார்த்து கரையோர மேட்டிலிருந்து பலத்த காற்று இறங்கியது. பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு என் கையில்தான் இருந்தது; அதை விட்டிருந்தால் பாய் தளர்ந்திருக்கும். நான் விடவில்லை, பாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் முன்னால் வளைந்து முறிந்தது. மேல்பாதி அவருடைய வலது கை மேல் விழுந்தது. துடுப்புப் போட்டு அவரைக் கரைக்குக் கொண்டுவந்தேன்.

ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். கம்பி இல்லாத படகில் பெரிய பாயை எதற்கு இறக்கினீர்கள் என்று மனைவி அவரிடம் அழுதுகொண்டிருந்தார். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நான்தான் எறக்கினேன். என் தப்புதான், விடு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிளம்பும்போது அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவரைக் கரை சேர்த்ததற்கு நன்றி சொன்னார்.

அன்றிலிருந்து பின்கம்பி இல்லாத படகுக்குத் தைக்கும் ஒவ்வொரு பாயின் மூலையிலும், 'இது ஏறியிருக்கும்வரை பெரிய பாயை இறக்காதீர்கள்' என்று மார்க்கரால் எழுதிவிடுகிறேன். முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு அதை எழுதியாகிவிட்டது; இறக்கச் சொன்னது நான்தான் என்று அந்த அம்மாவிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.