சத்தத்தை அடைத்துப் போட்ட படம்

எங்கள் பள்ளியில் தமிழ் இலக்கியத்துக்கு ஆள் சேர்ப்பது, மூடப்போகிற கடைக்கு வாடிக்கை பிடிக்கிற மாதிரி. மலேசியாவில், ஈப்போவின் ஓரத்தில் இருக்கிற இடைநிலைப்பள்ளி. தமிழ்மொழி வகுப்பே புதன்கிழமை, மற்ற பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, மதிய வெயிலில்தான் நடக்கும். இலக்கியமும் எடுக்கவேண்டுமென்றால் வியாழக்கிழமையும் உட்காரவேண்டும். போதுமான தலைகள் சேர்ந்தால்தான் வகுப்பைத் திறப்பார்கள். அந்த வருடம் எனக்கு ஒரு தலை குறைந்தது.

அது யாருடைய தலை என்றும் எனக்குத் தெரியும். ஜன்னலோரம் உட்காரும் நான்காம் படிவ மாணவி. கோப்பெங் பக்கம், ரப்பர்த் தோட்டத்தை விற்றபோது, லயம் என்கிற வரிசைவீடுகளில் இருந்த ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகளிலிருந்து வருகிறவள். கட்டுரையில் 'மழை பெய்தது' என்று எழுதமாட்டாள். 'கொடியில் காய்ந்துவிட்ட பள்ளிச் சட்டை மறுபடியும் கனத்தது' என்று எழுதுவாள். அவளிடம் இலக்கியம் எடுக்கச் சொன்னால் ஒரே பதில்: "பாக்கலாம் சார்."

பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டேன் என்று அர்த்தம் என்பதை இரண்டு வருட வேலையில் கற்றிருந்தேன். அதனால்தான் படம் போடும் யோசனை வந்தது. இங்குள்ள இளைஞர்கள் எடுத்த படம். தாப்பா பக்கம் மிச்சமிருந்த ரப்பர்க் காட்டில் எடுத்தது. பால் மரம் வெட்டும் ஓர் அம்மா, அவள் மகன், வேலை வாங்குகிற ஒரு மண்டோர். கதையைவிடப் பேச்சுதான் என்னை மயக்கியது. சென்னைப் பேச்சு இல்லை, நம் பேச்சு. வாயைத் திறந்தால் மலாயிலிருந்து ஒட்டிக்கொண்ட 'லா'வும் வரும், கெட்ட வார்த்தையும் வரும். இதைப் பார்த்தால் இலக்கியம் என்பது மனப்பாடச் செய்யுள் மட்டும் இல்லை என்று புரியும், தலை தானாகச் சேரும் என்று கணக்குப் போட்டேன். என் கணக்குகள் எல்லாம் வேகமாகத்தான் வரும்.

அனுமதி வேண்டுமே. பள்ளி முதல்வர் மலாய்க்கார அம்மையார், நாங்கள் 'புவான்' என்று அழைப்பவர். ஊடக அறையில் முதலில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். கூட, அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகும் மூத்த தமிழ் டீச்சரும், பெற்றோர் சங்கத்தின் சார்பில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் அண்ணனும். அவர் மகளும் என் வகுப்புதான்.

படத்தின் கீழே மலாயில் எழுத்து ஓடியது. அதை எழுதியவர் யாரோ மிக நல்ல மனிதர். மண்டோர் திட்டும்போது ஒருவனுடைய அம்மாவை இழுத்தான், அம்மாவைப் பெற்றவளை இழுத்தான், இருவரின் உடம்பிலும் எதையும் பாக்கி வைக்கவில்லை. கீழே, 'தக் குனா' என்று வந்தது. உதவாக்கரை. அடுத்தவன் இன்னும் கேவலமாகத் திருப்பிக் கொடுத்தான். அதற்கும் 'தக் குனா'தான். டீச்சர் கைப்பையைத் திறந்து தேடாத பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணன் தலையை அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். புவான் மட்டும் கறிப்பாப்பைக் கடித்துக்கொண்டு, கண்கலங்கப் பார்த்து முடித்தார்.

"நல்ல படம்," என்றார் மலாயில். "அம்மாவைப் பற்றிய படம். இதற்கு எதற்கு என்னைக் கேட்கவேண்டும்?"

அப்படியே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் என்னால் முடியவில்லை. "புவான், கீழே ஓடுவது வேறு, அவர்கள் பேசுவது வேறு," என்றேன்.

"எவ்வளவு வேறு?"

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மறுபடியும் மின்விசிறிக்குப் போய்விட்டார்.

"நிறைய," என்றேன்.

புவான் சிரித்தேவிட்டார். "அப்படியானால் மொழி தெரிந்த நீங்கள் மூன்று பேரும் முடிவு செய்யுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்."

நடைபாதையில் எங்கள் கூட்டம் நடந்தது.

"தம்பி," என்றார் டீச்சர், "பிள்ளைங்களுக்குத் தெரியாத வார்த்தைன்னு நான் சொல்ல வரல. எனக்கே தெரியும், நான் லயத்துல பொறந்தவதான். ஆனா வெளிய கேக்கறது வேற. வாத்தியார் நாற்காலி போட்டு உக்கார வச்சுக் கேக்க வைக்கிறது வேற."

"அட என்ன டீச்சர்," என்றார் அண்ணன். "காலையில நம்ம கடைக்கு வந்து பாருங்க. ரொட்டி ரெண்டு நிமிசம் லேட்டாச்சுன்னா உங்க ஸ்டூடண்டே என்னைய இதைவிட நல்லா அர்ச்சனை பண்றான்."

"அப்ப போடலாம்ங்கறீங்களா அண்ணே?"

"போடலாம்னு நான் எப்ப சொன்னேன்? என் மவளும் அங்கதான உக்காந்திருக்கும்!"

ஒரு வாரம் இப்படியே ஓடியது. டீச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை, யோசிங்க என்றார். அண்ணன் கடையில் ஆற்றின தேத்தாரே டீ போட்டுக்கொடுத்து, பேச்சை மட்டும் மாற்றினார். வீட்டில் அம்மா, "உனக்கு எதுக்குடா இந்த வேண்டாத வேல" என்றார். ஒரு படத்தைப் போடுவதற்கு முன்னாலேயே பத்துப் படம் போட்ட களைப்பு. எல்லோரும் முடிவை என் மடியில் வைத்துவிட்டுக் கை கழுவியதாகப் பட்டது. சரி, போட்டுவிடுகிறேன் என்று வகுப்பில் அறிவித்துவிட்டேன்.

"கெட்ட வார்த்தை இருக்கா சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன்.

"இருக்கு."

கைதட்டல். என் கணக்கு பலிப்பதாக நினைத்தேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின், ஜன்னலோரத்துப் பெண் மட்டும் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு நான் வரணுமா சார்?"

"ஏன், படம் புடிக்காதா? நம்ம ஆளுங்க கத. எல்லாம் நாம தினம் கேக்கற பேச்சுதான்."

"அதான் சார்," என்றாள். "வீட்ல தினம் கேக்கறேன். அப்பா வேலைவிட்டு வந்தாருன்னா அதுதான் ஓடும். இங்க ஒரு ரெண்டு மணிநேரம் அது இல்லாம இருக்கும், அதுக்குத்தான் நான் இந்த வகுப்புக்கே வாரேன்."

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. வேன் நேரம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளைகளுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்பதுதான் என் பெரிய வாதமாக இருந்தது. ஆமாம், அவளுக்குத் தெரியும். இங்கே வருவதற்குக் காரணமே அதுதான்.

அடுத்தடுத்த மாலைகளில் மடிக்கணினியில் படத்தை வைத்துக்கொண்டு, வார்த்தை வரும் இடங்களில் ஒலியை அடைத்தேன். அடைப்பதென்றால் சரியான இடம் தெரியவேண்டும். தெரியவேண்டுமென்றால் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும். வசவை இவ்வளவு பக்தியோடு நான் ஒருநாளும் கேட்டதில்லை. இயர்போன் வயர் கழன்றது தெரியாமல் ஒருமுறை ஓடவிட்டபோது அடுப்படியிலிருந்து அம்மா, "யாரைடா அந்த ஆளு அந்தத் திட்டு திட்டறான்?" என்றார். கடைசியில் காது மரத்துப்போய், 'வாம்மா' என்ற வார்த்தையைக்கூட அடைத்து வைத்திருந்தேன். அதைத் திரும்பத் திறந்தேன்.

ஜன்னலோரத்துப் பெண்ணிடம், "சத்தத்த அடைச்சிட்டேன், வரலாம்" என்று மட்டும் சொன்னேன்.

"பாக்கலாம் சார்."

வந்தாள்.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டேன். முதல் அடைப்பு வந்தது. மண்டோரின் வாய் மட்டும் அசைய, சத்தமில்லை. ஒரு விநாடி வகுப்பே திகைத்தது. பிறகு பின்வரிசைக்காரன் கீழே ஓடிய எழுத்தைப் படித்தான்:

"தக் குனா!"

சிரிப்பு வெடித்தது. எழுத்தை எடுக்க நான் மறந்துவிட்டேன். அடுத்த அடைப்புக்கு மூன்று பேர், அதற்கடுத்ததற்கு வகுப்பு முழுக்கச் சேர்ந்து, கோயில் பஜனை மாதிரி, "தக் குனா!" அண்ணனின் மகள்தான் தலைமை. எட்டிப் பார்த்த மூத்த டீச்சர், "என்ன சார், எதுக்கு எல்லாரையும் உதவாக்கரைங்கறானுங்க?" என்று கேட்டுவிட்டு, வந்தவர் போகாமல் கதவோரம் நின்றார். ஜன்னலோரத்தில் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் களைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தேன். ஒரு நல்ல படத்தைக் கோமாளிக் கூத்தாக ஆக்கிவிட்டேன் என்று தோன்றியது.

பிறகு அந்த இடம் வந்தது. பால் எடை போடும் இடத்தில், மற்ற பெண்கள் வரிசையில் நிற்க, அந்த அம்மாவை மண்டோர் ஒரு வார்த்தை சொல்கிறான். நான் அடைத்த ஒலிகளிலேயே அதுதான் கேவலமானது. அவள் ஒன்றும் பேசாமல் வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போகிறாள். வெள்ளையாகப் பால் ஓடுகிறது. அவன் வாய் அசைந்தது. கீழே 'தக் குனா' என்று ஓடியது.

யாரும் படிக்கவில்லை. அண்ணனின் மகள் வாயைத் திறந்து மூடினாள்.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பின்வரிசைக்காரன்தான் முதலில் கேட்டான். "அந்த எடத்துல மட்டும் சத்தத்த விட்டிருக்கலாம்லா சார். அந்தம்மா ஏன் பால ஊத்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியலையாடா?" என்றார் கதவோரத்திலிருந்து டீச்சர்.

"தெரிஞ்சிச்சு டீச்சர். அதான் கேக்கறேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். ஒலியை விட்டிருந்தால் அவன் கேட்டது கிடைத்திருக்கும், ஜன்னலோரத்துப் பெண் கேட்டது இல்லாமல் போயிருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் எப்படிப் போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எல்லோரும் போன பின் அவள் வந்தாள்.

"இலக்கியம் வியாழனா சார்?"

"வியாழன். நாலு மணி வரைக்கும். வேன் போயிடும்."

"சித்தி மோட்டார்ல வந்து ஏத்திக்கும்." கொஞ்சம் நின்றாள். "அதுலயும் படம் போடுவீங்களா?"

"இல்ல. கவிதைதான்."

"அப்ப வாரேன்."

அன்று மாலை அண்ணன் போன் போட்டார். "தம்பி, என்ன படம்லா போட்டீங்க? என் மவ வீட்டுக்கு வந்ததுலேருந்து பூனையக்கூட தக் குனாங்குது!"

அவர் பேசி முடிக்கும்வரை 'ம்' கொட்டினேன். வகுப்பு திறக்கப்போகிறது என்ற சந்தோஷம் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது: இனி வியாழக்கிழமையும் எனக்கு மதிய வெயில்தான்.