பின்சீட்டைக் காலியாக வைக்க வேண்டும்

டிரைவிங் ஸ்கூல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மார்த்தாண்டத்துக்காரன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, லாரியில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவராகி, கடைசியில் திருவனந்தபுரத்தில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவனாக ஆனேன். இங்கே எங்களை ஆசான் என்பார்கள். ஆசான் என்றதும் தைரியசாலி என்று நினைத்துவிட வேண்டாம். ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு இறங்கி, பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி பார்க்கிற ஆள் நான்.

1. பயமில்லாத ஆட்கள்

எங்கள் ஸ்கூலுக்குப் பக்கத்தில் ஞாபகமறதிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். லைசென்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் சர்டிஃபிகேட் கேட்டு வரும் வயதானவர்களுக்கு அவர் கையெழுத்தை உடனே போட்டுவிட மாட்டார். கடிகாரம் வரையச் சொல்வார். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்கச் சொல்வார். ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, வேறு பேச்சுப் பேசிவிட்டு, அவற்றைத் திருப்பிக் கேட்பார். தேறியவர்களுக்குப் பிரச்சினை இல்லை, தேறாதவர்களுக்கும் முடிவு தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே நிற்கிறவர்களைத்தான் ரோட்டில் ஓட்ட வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு எங்கள் வண்டி வேண்டும். என் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் கிளட்சும் உள்ள வண்டி.

முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு வண்டியைக் கண்டால் பயம். பக்கத்தில் உட்காரும் எனக்கும் பயம். இரண்டு பயமும் சேர்ந்து வண்டியை மெல்லக் கொண்டுபோகும். இவர்கள் ஆயுசெல்லாம் ஓட்டியவர்கள். பயமே இருக்காது. அவர்கள் பங்குப் பயத்தையும் நானே பட வேண்டும்.

டாக்டரம்மா சிரித்தார். "மணி சேட்டா, பயமுள்ள ஆளுதான் எனக்கு வேணும். தைரியசாலி பிரேக்கில காலு வைக்க மாட்டான்."

ஒப்புக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போய் நானும் ஒரு கடிகாரம் வரைந்து பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. மறுநாளும் வரைந்து பார்த்தேன்.

2. ராமசுப்பன் சாரும் மாமியும்

ராமசுப்பன் சார் கோட்டைக்குள் அக்ரகாரத்தில் இருந்தார். மின்சார ஆபீசில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வரைந்த கடிகாரத்தில் எண்ணெல்லாம் ஒழுங்காக இருந்ததாம், முள் மட்டும் இரண்டும் ஒரே இடத்தைக் காட்டியதாம். பேச்சிலோ ஒரு குறையும் இல்லை. அதனால் என்னிடம் அனுப்பினார் டாக்டரம்மா. பழகின ரோட்டில் பழகின மாதிரியே ஓட்டட்டும், புது இடத்தில் விட்டால் பதறுவார்கள் என்பது அவர் சொல்லியிருந்த முறை.

மாமிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். சார்தான் காரில் கொண்டுபோய்க் கூட்டிவருவார். மாமி எப்போதும் பின்சீட்டில், வீங்கின காலை நீட்டிக்கொண்டு இருப்பாள். அன்றும் வந்து ஏறிக்கொண்டாள். அவளை இறங்கச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பழகின மாதிரி என்றால் இதுவும் சேர்த்திதானே என்று விட்டுவிட்டேன்.

வண்டி கிளம்பியது. என் கால் பிரேக்குக்கு ஒரு விரல் மேலே. பின்னாலிருந்து மாமியின் குரல் ஓயவே இல்லை.

"எடது பக்கம் ஸ்கூட்டர்க்காரன் நுழையறான், பாருங்கோ. சித்த நில்லுங்கோ. ஆச்சு, போலாம். இனி செகண்ட் போடுங்கோ."

சார் என் பக்கம் சாய்ந்து, "கல்யாணம் ஆன நாள்லேந்து இந்த ரேடியோ பாடறது, கேட்டீரா? இதுக்கு ஆஃப் பண்ற சுவிட்ச் மட்டும் வைக்க மறந்துட்டா," என்றார்.

"நான் பாடலேன்னா நீங்க நேரே கடலுக்குள்ள கொண்டு போய் நிறுத்துவேள்," என்றாள் மாமி.

எனக்குச் சிரிப்பு வந்தது. கணவன் வண்டி ஓட்டினால் மனைவி பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வருவது எந்த வீட்டில் இல்லை? அதைப் பேச்சாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை. சார் திரும்பும் இடத்தில் திரும்பினார், நிற்கும் இடத்தில் நின்றார். என் கால் கொஞ்சம் தளர்ந்தது. நல்லபடியாக ஓட்டுகிறார் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றே நினைத்தேன்.

பழவங்காடியை நெருங்கும்போது மாமிக்கு போன் வந்தது. மறுநாள் டயாலிசிஸுக்குக் காலையில் வரவேண்டாம், மத்தியானம் வந்தால் போதும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்கிறார்கள். மாமி பேச்சை நிறுத்திவிட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

முன்னால் சிக்னல் சிவப்பு. பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கப் போகும் கூட்டம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. சார் நேராக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வண்டியின் வேகம் குறையவில்லை. இப்போது பிரேக் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. பூக்கூடை வைத்திருந்த ஒரு பெண் எங்கள் பக்கம் திரும்பி, கையை மட்டும் உயர்த்தினாள்.

நான் அமுக்கினேன். வண்டி குலுங்கி நின்றது. பானெட்டில் கை வைத்துக்கொண்டு அந்தப் பெண் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள், பிறகு கடந்து போனாள்.

சார் கொஞ்சமும் பதறவில்லை. "என்ன ஆச்சு? வண்டி ஆஃப் ஆயிடுத்தே," என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். மாமியின் முகத்தில் பயம் இருந்தது, ஆச்சரியம் இல்லை.

3. பேசாமல் ஒரு தெரு

சாரை என் இடத்தில் உட்காரவைத்து நான் ஓட்டிக் கோட்டைக்குள் கொண்டுவந்தேன். கூட்டமில்லாத ஒரு தெருவில் மறுபடி அவரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்தேன். மாமியிடம் தணிந்த குரலில் சொன்னேன். "மாமி, இந்தத் தெரு முடியற வரை நீங்க ஒண்ணும் பேசப்படாது."

அவள் தலையசைத்தாள்.

தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. வண்டி ஊர்ந்தது. முக்கில் வந்ததும் சார் நிறுத்தினார். இடமும் வலமும் காலியாகத்தான் இருந்தது. அவர் போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தார். பிறகு மெல்லப் பின்னால் திரும்பினார்.

"கோமு, போலாமா?"

மாமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சார் வீட்டுக்குள் போனதும் மாமி வாசலில் நின்றாள். ஆசானே, டாக்டரிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் கெஞ்சினாள். அவர் கண்ணும் காதும் நானாக இருக்கிறேன், இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்றாள். அவர் ஓட்டக்கூடாது என்று சொன்னால் என்னை யார் கொண்டுபோவார்கள், ஒரு நாள் டயாலிசிஸ் தப்பினால் மூச்சு முட்டிவிடும் என்றாள். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. எனக்கோ வேறு ஒரு பயம் வந்துவிட்டது.

"டயாலிசிஸ் முடிஞ்சு வரும்போ தளர்ச்சியா இருக்குமே மாமி. அப்பவும் நீங்கதான் வழி சொல்லுவீங்களா?"

"உள்ளங்கைல நகத்தை அழுத்திண்டு வருவேன். அப்படியும் சில நாள் கண் சொருகிடும். முழிச்சுப் பாக்கறச்சே ஆத்து வாசல் வந்திருக்கும்," என்றாள்.

அந்த நாட்களில் அவர் எத்தனை சிக்னலை இப்படிக் கடந்திருப்பார் என்பது அவர்கள் இருவருக்குமே தெரியாது. மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்குமேல் கெஞ்சவில்லை. "சொல்லிடுங்கோ," என்று உள்ளே போனாள்.

4. கேட்ட கேள்வி

டாக்டரம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் சாரை அழைத்து, இனி ஓட்டக்கூடாது என்றார். கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் எனக்குத் தெரிந்த ஆட்டோக்காரனை டயாலிசிஸ் நாட்களுக்கு நிரந்தரமாகப் பேசிவிட்டேன். ஆனால் சார் என்னை விடவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் அவருடைய கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு போன பிறகு ஸ்கூலுக்கே வந்துவிட்டார்.

"பிரேக்கை அமுக்கினது யாரு? நீர்தானே? நீர் சும்மா இருந்திருந்தா நானே நிறுத்தியிருப்பேன். இல்லேன்னு உம்மால சொல்ல முடியுமா?"

என்னால் சொல்ல முடியவில்லை. பதில் தெரிய வேண்டுமென்றால் அந்தப் பூக்காரப் பெண் மீது வண்டி ஏறியிருக்க வேண்டும். அவர் நடந்தே போனார். ரோட்டைக் கடக்கிறாரா என்று பார்க்கப் பின்னாலேயே போனேன், வீடு வரைக்கும். அவருக்குத் தெரியாது.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஒருவேளை நிறுத்தியிருப்பாரோ? அதனால் பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் கடைசி நொடிவரை காத்திருக்கிறேன். அந்த ஒரு நொடிதான் இந்த வேலையிலேயே கொடுமையானது. கூட ஏறும் சொந்தக்காரர் யாராக இருந்தாலும், எத்தனை முடியாதவராக இருந்தாலும், கையெடுத்துக் கும்பிட்டு இறக்கிவிடுகிறேன். காலியான பின்சீட்டோடு ஓட்டுகிறவர்தான் உண்மையில் ஓட்டுகிறவர். அதை மட்டும் நீங்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

சில வாரம் கழித்து ஓவர்பிரிட்ஜ் பக்கம், ஒரு பெண்ணுக்கு கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அந்த ஆட்டோ வந்து நின்றது. சாரும் மாமியும் உள்ளே. மாமி சாரின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சார் என்னைப் பார்த்தார். அவள் எழுந்துவிடுவாள் என்று தோளை அசைக்காமல், கண்ணால் மட்டும் 'சத்தம் வேண்டாம்' என்றார்.