முதலாளியின் பனிச்சறுக்குப் பயணம்

முதலாளி, நம் தையல் கம்பெனி எஸ்தர் தன் அப்பாவை உயிரோடு பார்க்க முடியாமல் போனதற்கு நீங்கள்தான் காரணம். நானும்தான்.

அமெரிக்காவில் பனிச்சறுக்கு விளையாடக் குடும்பத்தோடு போகவேண்டும் என்றீர்கள். திட்டமெல்லாம் போட்டது உங்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் நான். மலைமேல் பழைய வெள்ளிச் சுரங்க ஊர், நூறு வருட ஓட்டல், சறுக்கக் கற்றுத்தரும் ஆள், குழந்தைகளின் பூட்ஸ் அளவு வரை எழுதினேன்.

"எட்டு நாளும் போனை ஆப் பண்ணிருவேன் கண்ணு. ஆரும் தொந்தரவு பண்ணாதீங்க," என்றீர்கள். சரி என்றேன்.

கம்பெனி ஹாஸ்டலில் தங்கும் பெண்கள் வெளியே போக உங்கள் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் வேண்டும். நீங்கள் இல்லாதபோது அதில் யார் கையெழுத்துப் போடுவது என்று நான் கேட்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை, டெய்லர் எஸ்தர் பையோடு வந்து நின்றாள்.

"அக்கா, அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். இப்பவே பஸ் ஏறுனா மத்தியானத்துக்குள்ள சாத்தூர் போயிருவேன்."

வாட்ச்மேன் அசையவில்லை. "கையெழுத்து இல்லாம உட்டா என் வேலை போயிருமுங்க."

உங்கள் போன் ஆப் ஆகியிருந்தது. ஓட்டலில் கேட்டால், அறைக்கு அழைப்பு தரக்கூடாதென்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்களாம்.

"நீங்களே போடுங்கக்கா," என்றாள் எஸ்தர்.

பேனா என் கையில்தான் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் நானும் போடவில்லை. அவள் அழாமல் கேட்டருகே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் சாவுச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு வாட்ச்மேனே கதவைத் திறந்துவிட்டார்.

திரும்பி வந்தவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்னக்கா செய்வீங்க," என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்தக் கடிதம் வரும் இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, பதில் எழுதுங்கள் முதலாளி. அப்பாவைப் பார்க்கப் போகிற பெண்ணுக்கு உங்கள் கையெழுத்து எதற்கு?