ஒரே துறை, இரண்டு மருத்துவர்கள்

போன சனிக்கிழமை லண்டன் ஹரோவில் பேத்தியைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு வீடு திரும்பியதும் தொலைபேசி அடித்தது. டாக்டர் தவமலரின் கணவர். "மலர் போயிட்டா, தம்பி" என்றார். தவமலரை நினைக்கத் தொடங்கியதும் துக்கத்தை முந்திக்கொண்டு ஒரு பரபரப்பு வந்தது. அவருடன் வேலை பார்த்த உங்களுக்கு இது புரியும். அவர் அறைக்குள் நுழைந்தாலே ஏதோ நடக்கப்போகிறது என்றிருக்கும்!

அவர் யாழ்ப்பாணம், நான் மதுரை. இருவரும் இதய மருத்துவர்கள். எண்பதுகளின் கடைசியில் ஆர்ச்வே பக்கம் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் அடுத்தடுத்த அறைகளில் நோயாளிகளைப் பார்த்தோம்.

ஒரு மாலை, பக்கத்து அலுவலகப் பொறியாளர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாரடைப்பு என்றே தெரிந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தும் தயார். ஆனால் வலி முதுகுக்குப் போகிறது என்று அவர் சொன்னது என்னை உறுத்தியது. அடுத்த அறைக் கதவைத் தட்டினேன்.

தவமலர் ஓடிவந்து, பொறியாளரின் இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துப் பிடித்தார். "இடக்கையில துடிப்புக் குறைவு. உந்த மருந்தைக் குடுக்காதையும்! பெருநாடி கிழியுது போல கிடக்கு."

அந்த மருந்து ஏறியிருந்தால், கிழிந்த இடத்தில் இரத்தம் நிற்காமல் போய், மனிதர் பிழைத்திருக்க மாட்டார். உடனே அறுவை சிகிச்சைக்கு அனுப்பினோம். கிழிசல்தான். பிழைத்துக்கொண்டார்!

பிறகு, எங்கள் கட்டணத்தைக் கேட்டு எழுதியதற்கு அவருடைய காப்பீட்டு நிறுவனத்தின் பதில் வந்தது. ஒரே இடத்தில், ஒரே நாளில் பார்க்கும் ஒரே துறை மருத்துவர்கள் இருவரும் விதிப்படி ஒருவரே. ஆகவே என் கட்டணத்தை மட்டும் தருவார்கள். தவமலருடையதை நோயாளி கட்ட வேண்டும்.

"விட்டுடுங்க அக்கா, அவர்கிட்ட வாங்க வேண்டாம்" என்றேன்.

"அவரிட்ட ஆர் வாங்கப்போறது? இந்த விதி இருந்தா, அடுத்த முறை கதவைத் தட்டுறதுக்கு முன்னம் நீர் ஒருக்கா யோசிப்பீர். அந்த யோசனையில ஒரு ஆள் செத்துப்போகும்."

விடாமல் எழுதி, நிறுவனத்தில் ஒரு சந்திப்பு வாங்கினார். எங்கள் முன் இரண்டு மருத்துவ ஆலோசகர்கள். அவர்கள் விதியை விளக்கி முடித்ததும் தவமலர் அவர்களுடைய துறையைக் கேட்டார். இருவருமே இதய மருத்துவர்கள்.

"ஒரே துறை என்றால் ஏன் இரண்டு பேர் வந்திருக்கிறீர்கள்?" என்றார் ஆங்கிலத்தில்.

"சிக்கலான விஷயம். ஒருவர் தனியாக முடிவெடுப்பது சரியில்லை..." என்று மூத்தவர் சொல்லி முடிக்கவில்லை, இளையவர் சிரித்துவிட்டார். தவமலர் சிரிக்கவில்லை. "நாங்களும் அதைத்தான் செய்தோம்" என்றார். எனக்கோ எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது!

அவருடைய கட்டணத்தை நிறுவனமே கொடுத்தது. சில மாதங்களில் விதியும் மாறியது: முதல் மருத்துவர் காரணம் சொல்லிக் கேட்டால், அதே துறை என்றாலும் இரண்டாமவரின் கருத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. "வெண்டிட்டம்!" என்று வெற்றிக் களிப்பில் மருத்துவமனைத் தாழ்வாரமெங்கும் கேட்கக் கத்தினார்.

அவரும் என்னைக் கூப்பிடுவார். ஒருமுறை நோயாளி ஒருவரின் முன்னாலேயே, "எனக்கு விளங்கேல்லை, வந்து பாரும்" என்றார். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "பயப்படாதையுங்கோ அம்மா" என்றார் தவமலர். "விளங்கின மாதிரி நடிக்கிற டாக்டருக்குத்தான் பயப்பட வேணும்."

அந்தத் துணிச்சலைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இந்த வாரமும் ஒரு நோயாளியிடம் எனக்குப் புரியவில்லை என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் இன்னொருவரை அழைத்து வந்தேன்.