குடும்ப அறைக்குப் போகமாட்டேன்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு சாப்பாட்டு ஓட்டலில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், எழுந்து உள்ளே போகமாட்டேன் என்று சொன்னேன். நான் செய்தது அவ்வளவுதான். அதற்காக என் புகுந்த வீட்டில் மூன்று வாரம் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்கும் சிலர் அதை ஒரு குற்றம்போலத்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

நான் கல்வராயன் மலையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வெள்ளிமலையில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். புகுந்த வீடு ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்துக் கிராமம். கரும்பும் நெல்லும் போடுகிற அளவுக்கு நிலம் உண்டு. கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்தேதான் பயிர் வைக்கிறார்கள். வீட்டில் ஒரே அடுப்பு.

வெள்ளிக்கிழமைதோறும் நர்ஸுகளான எங்களுக்குக் கள்ளக்குறிச்சியில் கூட்டம் இருக்கும். விடியற்காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து மலையிறங்குவேன். அந்த வளைவுகளில் வயிறு புரட்டும் என்பதால் காலையில் எதுவும் தின்பதில்லை. கூட்டம் முடிந்து வெளியே வர மணி இரண்டாகிவிடும். அதன்பிறகு புகுந்த ஊருக்கு வேறு பஸ்; சனி, ஞாயிறு அங்கேதான். அந்த இரண்டு மணிப் பசி சாதாரணப் பசியாக இருக்காது.

முதல் தடவை அந்த ஓட்டலுக்குள் நுழைந்தபோது கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

"ஃபேமிலி ரூம் உள்ள இருக்குதும்மா" என்று கையை நீட்டினார். மரியாதையாகத்தான் சொன்னார்.

கை கழுவும் இடத்தைத் தாண்டி, சமையல்கட்டுக்கு முன்னால் ஒரு நீலத் திரை தொங்கும். அதற்குப் பின்னால் மூன்று மேசை. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் அடுப்பின் அனல், இன்னொரு பக்கம் எச்சில் இலைத் தொட்டியின் வாடை. சப்ளையர் முன் ஹாலில் எல்லோரையும் கவனித்துவிட்டுத்தான் திரையை விலக்கிப் பார்ப்பார். அதற்குள் பொரியல் தீர்ந்திருக்கும். அப்பளம் கேட்டால் "இதோ" என்று போவார். வரமாட்டார். நானும் ஆறின சாம்பாரை ஊற்றிப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்துவிடுவேன்.

இப்படி இரண்டு வருடம் சாப்பிட்டேன். அப்போது எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். முன் ஹாலை விறுவிறுவென்று கடந்து திரைக்குப் பின்னால் போய்விட்டால் ஒரு நிம்மதிகூட இருந்தது. நல்ல குடும்பத்துப் பெண் இப்படித்தான் சாப்பிடுவாள் என்று என் தலையிலும் ஏற்றித்தான் வைத்திருந்தார்கள்.

வெள்ளிமலையில் நான் சாப்பிடுவது ஒரு அக்காவின் கடையில். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. காலையில் இட்லி, மத்தியானம் சாமைச் சோறும் கொள்ளு ரசமும், சாயங்காலம் போண்டா. சந்தை நாளில் பெண்கள் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு வந்து, காலியான இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை. ஜீப் டிரைவர் யாராவது காலை நீட்டி பெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தால் அக்கா கரண்டியால் சட்டி விளிம்பில் தட்டுவார்.

"கால மடக்குப்பா, ஆளு ஒக்காரணும்."

மலையில் பெண்களுக்குக் கஷ்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. பிரசவ வலியோடு அவர்கள் எவ்வளவு தூரம் நடந்து வருகிறார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். ஆனால் பசித்தவள் உட்கார்ந்து தின்பதற்கு அங்கே யாரும் திரை கட்டவில்லை.

அந்த அக்காவுக்கு போண்டா போட ஒரு பெரிய இரும்புச் சட்டி வேண்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை என்னோடு மலையிறங்கினார். நான் கூட்டத்தில் இருந்தபோது அவர் கடைத்தெருவில் சட்டியை வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்தார். இரண்டு பேருக்கும் நல்ல பசி. வழக்கமான ஓட்டலுக்கே கூட்டிப் போனேன்.

நான் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு திரையைப் பார்த்து நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். வாசலையொட்டி, ஃபேனுக்கு நேர் கீழே இருந்த மேசையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். எதிரே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கல்லாக்காரர் எழுந்தே வந்துவிட்டார். "லேடீஸுக்கு உள்ள ரூம் இருக்குதும்மா."

"உள்ள எதுக்கு? காத்து இங்கதான வருது" என்றார் அக்கா.

"இல்லம்மா, ஆம்பளைங்க வந்து போற எடம் இது."

"வரட்டும். நாங்க ஒண்ணும் சொல்லலியே."

அவர் என் பக்கம் திரும்பினார். "நர்சம்மா, நீங்க எப்பவும் உள்ளதான ஒக்காருவீங்க. அவங்களுக்கு நீங்களே சொல்லுங்க."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பி, "எப்பவும் உள்ளயா ஒக்காருவ? ஏன்?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்க்கிறேன், ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை. நான் பணம் கொடுத்துத் தின்கிற சோறு. நான் உட்கார ஒரு நாற்காலி. நான் ஏன் இரண்டு வருடமாக இலைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்?

அக்கா கல்லாக்காரரிடமே பேசினார். "நானும் கடை வச்சிக்கினுதாங்க இருக்கேன். வந்த ஆளப் பாத்து, ஒனக்கு பெஞ்சு கெடயாது, அடுப்பாண்ட போயி ஒக்காருன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

நான் திரும்பி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். பையை மேசைக்குக் கீழே வைத்தேன்.

"நாங்க இங்கயே சாப்பிடுறோம். ரெண்டு இலை போடச் சொல்லுங்க. நான் உள்ள போகமாட்டேன்."

எதிரே இருந்தவர் தண்ணீர் டம்ளரையும் இலையையும் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். அக்கா காலுக்கடியில் இருந்த சட்டியை எடுத்து அந்த நாற்காலியில் வைத்து, "நல்லதாப் போச்சு, இதுக்கும் எடம் கெடச்சுது" என்றார்.

சாப்பாடு சுடச்சுட வந்தது. அந்த ஓட்டலில் பீன்ஸ் பொரியல் போடுகிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பளம் கேட்காமலே இலைக்கு வந்தது.

என் பஸ் ஊருக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே ஃபோன் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர் யாரோ ஹாலில் இருந்திருக்கிறார். மறுநாள் காலை மோட்டார் போட்டுவிட்டு வந்த கணவரின் அண்ணன், கால்கூடக் கழுவாமல் கேட்டார்.

"இன்னாம்மா, ஓட்டல்ல ஆம்பளைங்க நடுவுல ஒக்காந்து சாப்ட்டியாமே?"

"ஆமாங்க மாமா."

இல்லை என்று சொல்வேன், கண்டிக்கலாம் என்று வந்தவர். ஆமாம் என்றதும் கொஞ்சம் தடுமாறினார். "நாலு பேரு பாத்தா இன்னா பேசுவாங்க?"

"பசிச்சுது, சாப்ட்டான்னு பேசுவாங்க."

என் கணவர் நடுவில் புகுந்தார். சண்டை வேண்டாம் என்று நினைப்பவர். "பார்சல் வாங்கிக்கினா முடிஞ்சிபோச்சு. எதுக்கு வம்பு?"

"வாங்கிக்கினு எங்க ஒக்காந்து சாப்புடறது? பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலயா? அங்க ஆம்பளைங்க இல்லியா?"

"அதான் உள்ள ரூம் வச்சிருக்கானே" என்றார் மாமா. "பொம்பளைங்க மரியாதையா சாப்புடட்டும்னுதான வச்சிருக்கான்."

"ஒரு நாளு நீங்க அதுல ஒக்காந்து சாப்ட்டுப் பாருங்க மாமா. அது மரியாதையா இன்னான்னு அப்பறம் சொல்லுங்க."

அடுப்படியிலிருந்து என் ஓரகத்தி, மாமாவின் மனைவி, குரல் கொடுத்தார். "பெரியவங்க சொன்னா கேட்டுக்கினு போவணும். எதுத்துப் பேசிக்கினு இருக்கக்கூடாது."

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "மலையில ஆம்பளைங்களுக்கும்தான் ஊசி போடறேன். வெட்டுக்காயத்துக்குக் கட்டு கட்டறேன். அப்ப யாரும் தெர போடச் சொல்லல. அந்தச் சம்பளம் வூட்டுக்கு வரும்போதும் யாரும் சொல்லல. நான் சோறு தின்னாத்தான் தெர வேணுமா? அடுத்த வெள்ளிக்கிழமயும் அங்கதான் ஒக்காருவேன்."

அன்றைக்கிலிருந்துதான் அந்த மூன்று வார மௌனம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா என்னோடு வரவில்லை. அதுதான் உண்மையான சோதனை. வீட்டில் வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. ஆனால் ஓட்டல் வாசலில் என் கால் தயங்கியது. கல்லாவுக்கு மேலே ஒரு காகிதம் புதிதாக ஒட்டியிருந்தது. 'பெண்கள் உள்ளே அமரவும்' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, அம்புக்குறி போட்டிருந்தார்கள். நான் அதைப் படித்தேன். கல்லாக்காரர் நான் படிப்பதைப் பார்த்தார். அவரைப் பார்த்தபடியே போய் முன் ஹாலில் உட்கார்ந்தேன்.

இலை வரவில்லை. சப்ளையர் தலை நரைத்த மனிதர். என் மேசையைத் தாண்டித் தாண்டிப் போனார். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல முதுகு கூசியது. என் பஸ் கிளம்பிப் போவது வாசல் வழியே தெரிந்தது. போகட்டும், அடுத்த பஸ் இருக்கிறது என்று உட்கார்ந்தே இருந்தேன். கடைசியில் சப்ளையர் கல்லாப் பக்கம் போய் ஏதோ சொன்னார். பிறகு அவரே ஒரு இலையைக் கொண்டுவந்து போட்டுத் தண்ணீர் தெளித்தார். முகத்தைப் பார்க்காமல், "தண்ணி ஜாஸ்தி குடிக்காதீங்க, சோறு எறங்காது" என்று மட்டும் முணுமுணுத்தார்.

அன்றைக்கு வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டேன். வத்தக்குழம்பு இரண்டு தடவை கேட்டேன். ரசம் கேட்டேன், மோர் கேட்டேன். திரைக்குப் பின்னால் இரண்டு வருடம் கேட்காமல் விட்டதையெல்லாம் கேட்டு வாங்கித் தின்றேன்.

பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். முன் ஹாலில் போய் உட்காருவேன். சில நாள் பேசாமல் இலை வரும். சில நாள் கல்லாக்காரர் ஏதாவது முனகுவார். நானும் திருப்பி ஒன்று சொல்வேன்.

வீட்டில் மௌனத்தை முதலில் உடைத்தது என் ஓரகத்திதான். அவருக்குக் கண்ணில் பூ விழுந்த மாதிரி மங்கல். மாமா ஒரு சனிக்கிழமை அவரைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போய்க் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார். அடுத்த நாள் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார்.

"நேத்து ஒங்க மாமா ஓட்டல்ல சாப்ட்டுட்டு எனக்குப் பார்சல் வாங்கியாந்தாரு" என்றார். "ஒக்கார எடமில்ல. தண்ணி டேங்க் ஓரமா நின்னுகினு தின்னேன். கண்ணுல மருந்து வுட்டிருக்காங்க, ஒண்ணும் தெரியல. சாம்பார் பாக்கெட்டு கையில பிச்சிக்கிச்சி. பொடவையெல்லாம் ஆயிப்போச்சு."

அவர் கீரையை உருவிக்கொண்டே இருந்தார்.

"அந்த ஓட்டல்லதான் நீயும் சாப்புடறியா?"

"ஆமாங்க்கா."

"மறுக்கா வெள்ளிக்கிழம வரச் சொல்லியிருக்காங்க. ஒன் கூட்டம் முடியற நேரத்துக்கு நான் அங்க வந்து நிக்கட்டா?"

வந்தார். கூடவே மாமாவும் வந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் மாமா, "நீ இங்கயே நில்லு, பார்சல் வாங்கியாறேன்" என்று மனைவியிடம் சொன்னார். ஓரகத்தி, "நின்னுகினு திங்க என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். மருந்து ஊற்றிய கண் கலங்கியிருந்தது. படி எங்கே இருக்கிறது என்று காலால் தடவிப் பார்த்துத்தான் ஏறினார். ஆனால் நிற்கவில்லை.

நாங்கள் முன் ஹாலில் உட்கார்ந்தோம். கொஞ்சநேரம் கழித்து மாமாவும் உள்ளே வந்தார். மூன்று மேசை தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். யாரோ மாதிரி எழுந்து போய்க் கை கழுவினார். ஓரகத்தி அதைக் கவனிக்கவே இல்லை. பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக் குழந்தைபோலத் தின்றுகொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது இதுதான் முதல் தடவை என்று பஸ்ஸில் சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. உப்புக் கம்மி என்று சொல்வதுபோல் சொன்னார்.

மாமா மாறிவிட்டாரா என்றால் இல்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை, இன்றுவரை பிடிக்கவில்லை. என் கணவர் மட்டும் ஒரு நாள், "அங்க சாப்பாடு நல்லா இருக்குமா?" என்று கேட்டார். அவருடைய சமாதானம் அவ்வளவுதான். எனக்கும் அது போதும்.

அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டார்கள். நீலத் திரை அப்படியே தொங்குகிறது. தனியாக வருகிற பெண்கள் பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் போகிறார்கள். நான் யாரையும் கைப்பிடித்து இழுப்பதில்லை. பார்த்தால் என் எதிர் நாற்காலியைக் காட்டுவேன். சிலர் உட்காருவார்கள், சிலர் தலையாட்டிவிட்டு உள்ளே போவார்கள்.

போன மாதம் அந்த ஓட்டலுக்கு மாடியில் ஏ.சி. போட்டு ஒரு ஹால் திறந்திருக்கிறார்கள். வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம் ஏறிப் போனேன். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"இது ஃபேமிலிக்கு மட்டும் மேடம். எத்தன பேரு?"

"ஒரு ஆளு."

"ஃபேமிலியா வந்தாதான் மேடம்…"

"நான் ஒருத்தியே ஃபேமிலிதாங்க. வழி வுடுங்க" என்று சொல்லிவிட்டு, ஜன்னலோரமாக நான்கு பேர் உட்காருகிற மேசையாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தேன்.